அவள் அப்படித்தானா?

மனிதரைப் பற்றி நம் ஊர்களில் அன்றாடம் வழங்கப்படும் தீர்ப்புகள் பல. அவற்றுள் மிகச் சுருக்கமானதும் மிகக் கொடியதும் 'அவள் அப்படித்தான்' என்னும் தீர்ப்பே. இதற்குச் சாட்சி வேண்டியதில்லை, விசாரணை வேண்டியதில்லை, மேல்முறையீடும் கிடையாது. குழாயடியில் ஒருத்தி சொல்ல, தேநீர்க் கடையில் ஒருவர் தலையசைக்க, ஒரு பெண்ணின் வாழ்வு முடிவு செய்யப்பட்டு விடுகிறது. ஓர் ஆணைப் பற்றி 'அவன் அப்படித்தான்' என்று சொன்னால், அதில் பெரும்பாலும் ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கும். குடிப்பான், கோபப்படுவான், இருந்தாலும் நம்ம பையன் என்பது அதன் பொருள். பெண்ணைப் பற்றி அதே சொல் சொல்லப்படும்போதோ கதவு அடைபடும் ஓசை கேட்கிறது. அடைபட்ட கதவுக்கு அப்பால் அவள் தனியே நிற்கிறாள்.

இந்தச் சொல்லையே பெயராகக் கொண்டு தமிழில் ஒரு திரைப்படம் வந்தது. சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற ருத்ரய்யா அதன் இயக்குநர். 1978 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா ஆகிய மூவரும் நடித்தனர், இளையராஜா இசையமைத்தார். திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவர் எழுத்தாளர் வண்ணநிலவன். கடற்கரைக் கிறித்தவ மக்களின் வாழ்வைக் 'கடல்புரத்தில்' என்னும் நாவலில் பரிவோடு வரைந்தவர் என்பதால் நம் வாசகர்கள் பலருக்கும் அவர் அறிமுகமானவரே. அதே தீபாவளிப் பருவத்தில் கமல்ஹாசன் நடித்த மற்றொரு படமான 'சிகப்பு ரோஜாக்கள்' வெளிவந்து பெருவெற்றி கண்டது. அது பெண்களைக் கவர்ந்து கொலை செய்யும் ஒருவனின் கதை. பெண்ணின் உள்ளத்தைக் கேட்க முயன்ற படமோ அன்று அரங்குகளில் நிலைக்கவில்லை. காலம் கடந்தே பாராட்டுப் பெற்றது. எதைப் பார்க்க மக்கள் திரண்டார்கள், எதைப் பார்க்கத் தயங்கினார்கள் என்பதும் அந்த ஆண்டின் வரலாற்றில் ஒரு பகுதியே.

கதையின் நாயகி மஞ்சு. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். தன் உழைப்பில் வாழ்பவள். மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்பவள். எளிதில் சினம் கொள்பவள். பெண்களின் நிலை குறித்து ஆவணப்படம் எடுக்க வரும் அருண் என்னும் இளைஞனுக்கு உதவியாக அவள் அனுப்பப்படுகிறாள். நிறுவனத்தின் முதலாளி தியாகு, அருணின் நண்பன். பெண் என்றால் ஆணின் இன்பத்துக்குரிய பொருள் என்று வெளிப்படையாகவே பேசுபவன். அருணோ பண்பானவன், பெண்ணுரிமையில் நம்பிக்கை உள்ளவன். மஞ்சு மெல்ல மெல்லத் தன் கதையை அருணிடம் சொல்கிறாள். தாயின் நெறி தவறிய உறவைக் கண்டு காயப்பட்ட குழந்தைப் பருவம். தன் எதிர்காலத்தை எண்ணி விலகிக்கொண்ட முதற் காதலன். அதன்பின் ஆறுதலாக வந்த மனோ.

இந்த மனோவைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவன் ஒரு கிறித்தவப் போதகரின் மகன். மஞ்சுவின் தனிமையில் துணையாக வருகிறான். அவளது அன்பையும் உடலையும் பெற்றுக்கொள்கிறான். அவளுடைய பெற்றோரின் முன்னிலையில் உறவைச் சொல்ல வேண்டிய வேளை வந்தபோது, அவளைத் தன் சகோதரி என்று கூறி ஒதுங்கிவிடுகிறான். திரையில் இது சில நிமிடக் காட்சிதான். ஆயினும் கிறித்தவர்களாகிய நாம் அதை எளிதில் கடந்து போக இயலாது. 'சகோதரி' என்பது நம் வழிபாட்டில் ஒவ்வொரு ஞாயிறும் ஒலிக்கும் சொல். மறையுரையைத் தொடங்கும் சொல். துறவு வாழ்வை ஏற்ற பெண்களை நாம் அழைக்கும் சொல். ஒருத்திக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து தப்பிக்கும் கேடயமாக அதே சொல்லை ஒருவன் பயன்படுத்துகிறான். சகோதரி என்று அழைப்பது, அவளுக்காக நிற்பேன் என்று வாக்களிப்பதாகும். அந்த வாக்கு இல்லாதபோது அது வெறும் மரியாதைச் சொல்லாகிவிடுகிறது. சில வேளைகளில் மனோவின் வாயில் ஆனதுபோல் பொய்யாகவும் ஆகிவிடுகிறது.

மஞ்சுவை ஒடுக்கியவர்கள் யார் என்று கேட்டால், தியாகுவையும் மனோவையும் எவரும் சுட்டுவர். ஆனால் படத்தின் கூர்மை அருணிடம்தான் இருக்கிறது. அவன் அவளைக் கேட்டவன். ஒலிவாங்கியையும் படப்பிடிப்புக் கருவியையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்களிடம் கேள்வி கேட்டவன். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையோடு உள்வாங்கியவன். எனினும் அவளது நடத்தையில் ஒரு மாற்றம் கண்டவுடன், அவள் ஏன் அப்படி நடந்துகொண்டாள் என்று இறுதிவரை கேட்டறியாமல், தன் ஊருக்குப் போய் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வந்துவிடுகிறான். தியாகு முதல் நாளே வழங்கிய தீர்ப்பை அருண் கடைசி நாளில் வழங்குகிறான், வேறுபாடு அவ்வளவே. இறுதிக் காட்சியில் காரில் உடன் வரும் அந்த இளம் மனைவியிடம், பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மஞ்சு கேட்கிறாள். தனக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது என்று அப்பெண் வெள்ளையாகப் பதில் சொல்கிறாள். அதனால்தான் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்ற பொருளில் மஞ்சு மறுமொழி கூறுகிறாள். அவளைச் சாலையில் இறக்கிவிட்டுக் கார் போய்விடுகிறது.

அடக்குமுறைக்கும் தனிமைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். அடிப்பவனும் ஏமாற்றுபவனும் பெண்ணைக் காயப்படுத்துகிறார்கள். அந்தக் காயத்தோடு அவளை ஒதுக்கி வைப்பதோ, நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களின் தீர்ப்பு. முதலாவதைத் தடுக்கச் சட்டங்கள் உண்டு. 1961-ல் வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் வந்தது. 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. மஞ்சு இன்று இருந்திருந்தால் தியாகுவின் மேல் முறையீடு செய்ய ஒரு வழி இருந்திருக்கும். அருணின் மேல் முறையீடு செய்ய எந்த நீதிமன்றமும் இல்லை. அது மனச்சான்றின் எல்லைக்குள் வரும் வழக்கு. ஆகவேதான் அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் பேச வேண்டியிருக்கிறது.

நாம் பணியாற்றும் சத்தியமங்கலத்தில், பங்குக் கூடத்தின் வெண்சுவரில் இந்தப் படத்தை ஒரு மாலை திரையிட்டோம். இளைஞர்கள் வந்தனர், மரியாயின் சேனையைச் சேர்ந்த தாய்மார்கள் வந்தனர், பூப்பறிக்கும் பெண்கள் சிலரும் வந்தனர். சத்தியமங்கலத்து மல்லிகையை அறியாதார் கொங்கு நாட்டில் இலர். மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால், விடியலுக்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இப்பெண்கள் தோட்டத்தில் இறங்குகிறார்கள். பறித்த பூ எடை போடப்பட்டுப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறது. அங்கிருந்து வெளியூர்த் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் போகிறது. பறிப்பவர்களில் கணவரை இழந்தோரும் உண்டு. கிலோக் கணக்கில் மல்லிகையைத் தொடும் அவர்களது கை, ஒரு முழம் பூவைத் தம் கூந்தலில் வைப்பதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமே காரணம். கைம்பெண் பூ வைக்கலாகாது என்று நம் மறை எங்கும் கற்பிக்கவில்லை. இருந்தும் கிறித்தவ இல்லங்களிலும் அவ்வழக்கம் நிலைத்திருக்கிறது.

படம் முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து, அந்தப் பெண் ஒரு நிலையில் நில்லாதவள், யார்தான் அவளோடு வாழ முடியும் என்று கேட்டார். சிலர் ஆமோதித்தனர். பின் வரிசையிலிருந்து, பூப்பறிக்கும் தாய் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங் சாமி, அந்தப் புள்ளைக்கு அக்கா தங்கச்சின்னு பக்கத்துல ஒக்காந்து கேக்கறதுக்கு ஆருமே இல்லீங்களா?" கூடம் அமைதியாயிற்று. திரைப்பட விமர்சகர்கள் பலர் எழுதியதைவிட அந்தக் கேள்வி ஆழமானது என்பது நம் எண்ணம். மஞ்சு தன் கதையைச் சொன்னது ஓர் ஆணிடம். அவளைப் பற்றி முடிவு செய்தவர்கள் ஆண்கள். இறுதியில் அவள் கேள்வி கேட்ட பெண்ணும் அவளை விட்டுக் காரில் போய்விடுகிறாள். மனோ பொய்யாகச் சொன்ன 'சகோதரி' என்னும் சொல்லுக்கு உண்மையான பொருளை அந்தத் தாய் அறிந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவளே சகோதரி.

இத்தகைய படங்கள் குடும்ப ஒழுங்கைக் குலைக்கும், இவற்றைப் பங்குக் கூடத்தில் காட்டலாமா என்று அன்பர் சிலர் பின்னர் வினவினர். வினா நியாயமானதே. சமூகத் தொடர்புச் சாதனங்கள் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட ஏடு, தீமையைச் சித்திரிக்கும் படைப்பும் உரிய கட்டுப்பாட்டுடன் அமையுமானால் மனிதரை ஆழமாக அறிய உதவக்கூடும் என்று ஏற்றுக்கொள்கிறது. மேலும், குடும்பத்தைக் குலைப்பது எது? மஞ்சு குடும்பத்தை வெறுத்தவள் அல்லள். நம்பத்தக்க ஒரு வீட்டுக்காக ஏங்கியவள். வீடுகள்தான் அவளைக் கைவிட்டன. அடங்கி இருப்பதே பெண்ணின் மகிழ்ச்சி என்றால், அது எந்தக் கேள்வியும் கேட்கப்படாத வரை மட்டுமே நிலைக்கும் மகிழ்ச்சி. அந்த இளம் மனைவிக்கும் ஒரு நாள் கேள்வி பிறக்கலாம். அப்போது அவளை ஊர் என்ன பெயரால் அழைக்கும்?

ஒரு தீர்ப்பு எத்தனை நூற்றாண்டுகள் ஒட்டிக்கொள்ளும் என்பதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. மகதலா மரியாவை நற்செய்திகள் பேயின் பிடியிலிருந்து நலம் பெற்றவராகவும், சிலுவையடியில் நின்றவராகவும், உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு அறிவித்தவராகவும் காட்டுகின்றன. அவர் நெறி தவறிய வாழ்வு வாழ்ந்தவர் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. 591-ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரையில், லூக்கா நற்செய்தியின் பெயரில்லாப் பாவியான பெண்ணும், பெத்தானியா மரியாவும், மகதலா மரியாவும் ஒருவரே எனக் கொள்ளப்பட்டனர். கீழைத் திருச்சபை மூவரையும் வேறுவேறாகவே போற்றிவந்தது. மேற்கிலோ அந்தப் பெண்மணியின் பெயரே பாவிப் பெண்ணின் பொதுப்பெயராயிற்று. 1969-ல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோதுதான் அக்கலப்பு நீங்கியது. 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது நினைவு நாளை, திருத்தூதர்களுக்குரிய நிலைக்கு இணையாக, விழாவாக உயர்த்தினார். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் உலகம் அவரைப் பார்த்து, அவள் அப்படித்தான் என்றது.

யாக்கோபின் கிணற்றருகே வந்த சமாரியப் பெண்ணுக்கும் இதே நிலைதான். ஐந்து கணவர்கள் என்ற ஒரு செய்தியைக் கொண்டு அவரது ஒழுக்கத்தைப் பற்றிப் பேசாத மறையுரைகள் குறைவு. மணவிலக்குக் கொடுக்கும் அதிகாரம் ஆணின் கையில் இருந்த சமுதாயம் அது. அவர் எத்தனை முறை கைம்பெண் ஆனாரோ, எத்தனை முறை விலக்கப்பட்டாரோ, நற்செய்தியாளர் சொல்லவில்லை. ஆண்டவரும் அவரைப் பாவி என்று ஓரிடத்திலும் அழைக்கவில்லை. நண்பகல் வெயிலில் தனியே வந்தவரிடம் தண்ணீர் கேட்டார், உட்கார்ந்து உரையாடினார், யோவான் நற்செய்தியில் இயேசு தனியொருவருடன் நிகழ்த்திய மிக நீண்ட உரையாடல்களுள் ஒன்று அது. முடிவில் அவர் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். எந்த மக்களின் கண்ணுக்குப் படாமல் வந்தாரோ, அந்த மக்களிடமே போய்ப் பேசினார். தனிமையிலிருந்து பெற்ற விடுதலை என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் ஏது?

இன்றைய தனிமையின் முகங்கள் வேறு. ஈரோடு, திருப்பூர், கோவை, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை வேலைக்கு அமர்த்திய முறையை நாம் அறிவோம். தென் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த அவர்கள், பெரும்பாலும் மூன்றாண்டுகள், ஆலை விடுதியிலேயே தங்கி உழைத்தனர். காலம் முடிந்தால் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்பது வாக்கு. இடையில் நோயுற்று வீடு திரும்பினால் அத்தொகையை இழந்தோர் உண்டு. விடுதியை விட்டு வெளியே செல்வதற்கும், உற்றாரோடு பேசுவதற்கும் கூடக் கட்டுப்பாடுகள் இருந்தன. நூறு பேர் உறங்கும் கூடத்திலும் ஒருத்தி தனிமையாய் இருக்கக் கூடும். வேலையை நடுவில் விட்டுத் திரும்பிய பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசியது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ருத்ரய்யாவின் படம் வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 2024-ல், கான் திரைப்பட விழாவில் இந்தியப் பெண் இயக்குநர் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' கிராண்ட் பிரீ விருதைப் பெற்றது. மும்பை மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மூன்று பெண்களின் கதை அது. மூத்த செவிலியர் பிரபா கேரளத்தவர். கணவர் ஜெர்மனிக்குப் போனபின் பேச்சே நின்றுபோய்விட்டது. ஒரு நாள் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு சோறு வடிக்கும் மின்பாத்திரம் மட்டும் வந்து சேர்கிறது. உடன் ஒரு வரிக் கடிதமும் இல்லை. உடன் தங்கும் இளைய செவிலியர் அனு, வேற்று மதத்து இளைஞரை விரும்புகிறார். சமையல் பணி செய்யும் பார்வதி, இறந்த கணவர் உரிய ஆவணங்களை வைத்துப் போகாததால், நெடுநாள் வாழ்ந்த வீட்டை இழக்கும் நிலையில் இருக்கிறார். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் துணையைத் தேடிக் காத்திருக்கும் பெண்கள் நம் பங்குகளிலும் உளர் என்பதால் இக்கதை நமக்கு அயலானதன்று.

இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. பிரபாவும் முதலில் அனுவைக் கண்டிக்கத்தான் செய்கிறார்; ஊர் உன்னைப் பற்றிப் பேசுகிறது என்கிறார். அவரும் தீர்ப்பின் விளிம்பு வரை போகிறார். ஆனால் பார்வதியின் கடலோர ஊருக்கு மூவரும் சேர்ந்து போன பிறகு, அவரது பார்வை மாறுகிறது. இரவில் கடற்கரைக் கடையொன்றின் விளக்கொளியில், அனுவின் நண்பரையும் அழைத்து உடன் உட்கார வைக்கிறார். அங்கே யாருடைய துன்பமும் தீர்ந்துவிடவில்லை. கணவர் திரும்பி வரவில்லை, வீடு கிடைக்கவில்லை, திருமணம் நிச்சயமாகவில்லை. எனினும் தனிமை நீங்கிவிட்டது. 1978-ல் சாலையில் இறக்கிவிடப்பட்ட மஞ்சுவுக்குக் கிடைக்காதது, 2024-ல் இப்பெண்களுக்கு ஒருவர் மற்றவரிடம் கிடைக்கிறது. பூப்பறிக்கும் அந்தத் தாய் கேட்ட அக்காவும் தங்கையும் இவர்களே.

1995 ஜூன் 29 அன்று, பெய்ஜிங் மகளிர் மாநாட்டுக்கு முன்னதாக, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உலகப் பெண்கள் அனைவருக்கும் ஒரு மடல் எழுதினார். பெண்களின் மாண்பு மறுக்கப்பட்டதில் திருச்சபையின் மக்களுக்கும் பங்கு இருந்ததெனில் அதற்காக வருந்துவதாக அதில் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்த பின் செய்ய வேண்டியவை பங்குகளில்தான் தொடங்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில் செபமாலை சொல்லி, நற்செய்தி வாசித்து, தேநீர் அருந்திக் கலைகிறோம். அங்கே ஒரு பெண் தன் வீட்டில் நடப்பதை அச்சமின்றிச் சொல்ல இடம் உண்டா? சொன்னது மறுநாள் தெருவுக்கு வராது என்ற உறுதி உண்டா? கணவரிடம் அடிபட்டு வந்தவளுக்கு, பொறுத்துப் போ என்ற அறிவுரைக்கு முன்னால், இன்றிரவு எங்கே தங்குவாய் என்ற கேள்வி கிடைக்குமா? ஆலையிலிருந்து திரும்பிய பெண்ணையும், மணமுறிவுக்கு ஆளானவளையும், மணமாகாமலே நாற்பதைக் கடந்தவளையும், அவர்களது நிலையைச் சுட்டாமல், அவர்களது பெயரைச் சொல்லிப் பாடகர் குழுவுக்கும் வாசகப் பணிக்கும் அழைக்கிறோமா? இவை பணம் செலவாகும் செயல்கள் அல்ல. நம் நாவையும் நேரத்தையும் சற்று விட்டுக்கொடுக்கக் கேட்பவை.

ஆண்களுக்கும் ஒரு சொல். தியாகுவாக இல்லாதிருப்பது பெரிய புண்ணியமன்று. அருணைப் போலக் கேட்டுவிட்டு, பாதியில் எழுந்து போகாதிருப்பதே கடினம். ஒரு பெண் சினந்து பேசும்போது அந்தச் சினத்தின் பின்னால் உள்ள கதையைக் கேட்கப் பொறுமை வேண்டும். கேட்ட பிறகு அவளுக்காக நாலு பேர் முன்னிலையில் நிற்கத் துணிவு வேண்டும். மனோ தவறியது அந்தத் துணிவில்தான்.

அடுத்த முறை ஒருத்தியைப் பற்றி அந்த இரு சொற்கள் நம் நாவின் நுனிக்கு வரும்போது, அவற்றை அங்கேயே நிறுத்தி, அவளிடம் நேரில் போய், "எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்போம். பதில் நீளமாக இருக்கலாம். பாதியில் எழாமல், அவள் முடிக்கும் வரை உட்கார்ந்திருப்போம்.